மின்னுணர்வுள்ள படலமும் அதன் உஷ்ண சரித்திரமும்

காலால் மிதித்தால் மின்சாரம் தரும் தரைவிரிப்பு, நெஞ்சின் துடிப்பைக் கொண்டே தன்னை இயக்கிக்கொள்ளும் வைத்தியக் கருவி, அணிந்தவர் நடக்க நடக்கக் கைத்தொலைபேசிக்கு உயிரூட்டும் சட்டை என்றெல்லாம், சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளின் விஞ்ஞானப் பகுதிகளில் அடிக்கடி வெளிவரும் செய்திகளை ஆவலோடு படிக்கும் வாசகர்களுள் பலர், அவற்றில் கணிசமானவற்றின் பின்னால் பாலிவினைலிடீன் ஃப்ளோரைடு என்னும் ஒரே பாலிமர் நின்றுகொண்டிருப்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அச்செய்திகளில் எத்தனை வோல்ட் கிடைத்தது என்பது தவறாமல் சொல்லப்படுகிறது. எத்தனை சிறு விளக்குகள் எரிந்தன என்பதும் படத்தோடு காட்டப்படுகிறது. ஆனால் அந்தப் படலத்துக்குள் மூலக்கூறுகள் எவ்வகைப் படிகமாக அடுக்கப்பட்டிருந்தன, எந்த உஷ்ணத்தில் அவ்வாறு அடுக்கப்பட்டன, எந்த உஷ்ணத்தைத் தாண்டினால் அந்தக் குணம் அதை விட்டு அகன்றுவிடும் என்னும் கேள்விகளுக்கு அங்கே விடை இருப்பதில்லை. வோல்ட் கணக்கு எவ்வளவு பெரிதாயினும், படிக அமைப்பும் உஷ்ண சுபாவமும் சொல்லப்படாத வரையில் அதை நிலைபெற்ற விஞ்ஞான முடிவாக ஏற்பதற்கில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுகிறது என்பதை 1880இல் பாரிஸ் நகரில் பியேர் கியூரியும் அவருடைய தமையனார் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷெல் உப்பு முதலிய கடினமான, எளிதில் நொறுங்கக்கூடிய பொருள்களுக்கே உரிய விசேஷமாக அக்குணம் நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஜப்பானில் எய்இச்சி ஃபுகாடா என்னும் விஞ்ஞானி, மரத்திலும் பின்னர் 1957இல் யசுடாவுடன் சேர்ந்து எலும்பிலும் அதே குணம் நுண்ணிய அளவில் இருப்பதை நிரூபித்தபோதுதான், மென்மையான பொருள்களிலும் அதைத் தேடலாம் என்ற துணிவு பிறந்தது. அத்துணிவின் பயனாக, டோக்கியோவின் கொபயாஷி பௌதிக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹெய்ஜி கவாய், அதுவரை வெயிலுக்கும் அமிலத்துக்கும் அசையாத பூச்சுப்பொருளாகவும் குழாய்ப்பொருளாகவும் மட்டுமே மதிக்கப்பட்டுவந்த பாலிவினைலிடீன் ஃப்ளோரைடைப் படலமாக்கி, அதைப் பல மடங்கு நீளத்துக்கு இழுத்து, சூடான நிலையில் வலிய மின்புலத்தில் நிறுத்தி, மின்புலத்தை விலக்காமலே ஆறவிட்டு, அப்படலம் அழுத்தத்துக்கு மின்னூட்டம் தருவதை 1969இல் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குள், உஷ்ணம் மாறும்போதும் அதே படலம் மின்னூட்டம் தருகிறது என்பதும் தெரியவந்தது. இழுத்தல், சூடாக்கல், மின்புலத்தில் ஆறவிடுதல் என்னும் இந்த மூன்று காரியங்களும் இன்றி அவர் அப்படலத்தை வெறுமனே எடுத்து அழுத்திப் பார்த்திருந்தால், சொல்லத்தக்கதாக ஒன்றும் அவருக்குக் கிடைத்திராது என்பதை இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஏன் கிடைத்திராது என்பதை அறிய மூலக்கூற்றின் வடிவத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. கார்பன் அணுக்கள் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டு, எல்லா இடங்களிலும் ஹைட்ரஜனே ஒட்டியிருந்தால் அது நாம் கடைகளில் காணும் பாலிஎதிலீன். எல்லா இடங்களிலும் ஃப்ளோரினே ஒட்டியிருந்தால், 1938இல் ராய் பிளங்கட் தற்செயலாகக் கண்டெடுத்த டெஃப்லான். பாலிவினைலிடீன் ஃப்ளோரைடு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. ஒரு கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், அடுத்த கார்பனில் இரண்டு ஃப்ளோரின் என மாறி மாறி அமைந்த இச்சங்கிலியில், எலக்ட்ரான்களைத் தன்பால் ஈர்ப்பதில் நிகரற்ற தனிமமாகிய ஃப்ளோரின் இருக்கும் பக்கம் எதிர் மின்தன்மையும், ஹைட்ரஜன் இருக்கும் பக்கம் நேர் மின்தன்மையும் பெறுவதால், ஒவ்வொரு கண்ணியும் சங்கிலிக்குக் குறுக்கே நோக்கும் ஒரு சிறிய இருமுனையாகிறது. ஆனால் இருமுனைகள் இருப்பது மட்டும் போதாது. அவை அனைத்தும் ஒரே பக்கம் நோக்க வேண்டும். தேர்வடத்தைப் பிடித்தவர்களில் பாதிப்பேர் கிழக்கேயும் பாதிப்பேர் மேற்கேயும் இழுத்தால் தேர் நகராததைப் போலவே, உருக்கி ஆறவைத்தால் இயல்பாகக் கிடைக்கும் ஆல்ஃபா என்னும் படிக வகையில், அடுத்தடுத்த சங்கிலிகளின் இருமுனைகள் எதிரெதிராகத் திரும்பி ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பீட்டா என்னும் வகையில் மட்டுமே, சங்கிலி முறுக்கின்றி முழுவதும் நீண்டு, ஃப்ளோரின்கள் யாவும் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்க, இருமுனைகளின் பலம் முழுமையாகத் திரள்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாய், ஓரளவு முறுக்குடனும் ஓரளவு மின்முனைப்புடனும் அமைந்தது காமா வகை.

அப்படியாயின் இயற்கை ஏன் பீட்டாவை முதலில் தருவதில்லை? பீட்டா வகையில் சங்கிலியின் மறுநிகழ்வு நீளம் 2.56 ஆங்ஸ்ட்ராம், அடுத்தடுத்த ஃப்ளோரின்களுக்கு இடையே உள்ள தொலைவும் அதுவே. ஃப்ளோரின் அணுவோ, நெருக்கடியின்றி நிற்க அதைவிடச் சற்று அதிக இடம் கோருவது. ஆகவே பீட்டா அமைப்பில் அவை கொஞ்சம் நெருங்கித்தான் நிற்கின்றன. திரவ நிலையிலிருந்து தம் விருப்பப்படி ஆற விட்டால், சங்கிலிகள் அந்த நெருக்கத்தைத் தவிர்த்து ஆல்ஃபாவாக முறுக்கிக்கொள்கின்றன. இந்த ஒரு சிறு இட நெருக்கடியே இத்துறையின் எல்லாச் சிரமங்களுக்கும் மூலம் என்று சொல்வது மிகையாகாது.

இங்கேதான் உஷ்ணம் எஜமானன் ஸ்தானத்துக்கு வருகிறது. ஆல்ஃபாப் படலத்தைச் சுமார் 80 டிகிரி செல்சியஸில் நாலைந்து மடங்கு நீளத்துக்கு இழுத்தால் அது பெரும்பாலும் பீட்டாவாக மாறும். அதே படலத்தை 130 டிகிரிக்கு மேல் வைத்து இழுத்தால் சங்கிலிகள் நெறிப்படுமேயன்றி ஆல்ஃபா ஆல்ஃபாவாகவே நிற்கும். கரைசலாக ஊற்றி உலர்த்துவோருக்கும் இதே விதிதான்: கரைப்பானைத் தாழ்ந்த உஷ்ணத்தில், அறுபது டிகிரி அளவில், மெல்ல ஆவியாக்கினால் பீட்டா மிகும், 110 டிகிரிக்கு மேல் வேகமாக உலர்த்தினால் ஆல்ஃபா மிகும். ஒரே புட்டியிலிருந்து எடுத்த ஒரே தூள், அடுப்பின் உஷ்ணம் ஐம்பது டிகிரி வேறுபட்டதனால் மட்டுமே, மின்னுணர்வுள்ளதாகவோ உணர்வற்றதாகவோ ஆகிவிடுகிறது. இப்பாலிமரின் விறைத்த பகுதி நெகிழத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்றம் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரியிலும், உருகுநிலை சுமார் 170 டிகிரியிலும் இருக்கின்றன. ஏறக்குறைய பாதி மட்டுமே படிகம்; மறுபாதி ஒழுங்கற்ற, நெகிழ்ந்த பகுதி. அந்த நெகிழ்ந்த பாதி வெறும் சுமை என்று எண்ணிவிடவும் கூடாது. படலம் வளைவதும் மடங்குவதும் அதனால்தான். அழுத்த மின்விளைவிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் மின்புலத்தில் வைத்து இருமுனைகளை ஒரே பக்கம் திருப்பிய, அதாவது முனைவாக்கப்பட்ட, படலத்தைச் சுமார் 80 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால், உருகுநிலை இன்னும் வெகு தூரத்தில் இருக்கும்போதே, அதன் மின்னுணர்வு சிறிது சிறிதாகக் கழன்றுபோகத் தொடங்கிவிடுகிறது.

இழுக்கும் வேலையே இல்லாமல் பீட்டாவைப் பெறும் யுக்தி ஒன்று உண்டு. மூன்று ஃப்ளோரின் கொண்ட டிரைஃப்ளோரோஎதிலீன் என்னும் கண்ணியை நூற்றுக்கு இருபது முதல் ஐம்பது வரை சங்கிலியில் கலந்துவிட்டால், அந்தப் பருத்த கண்ணிகள் ஆல்ஃபாவின் முறுக்குக்கு இடங்கொடாமல், பீட்டாவை ஒத்த அமைப்பையே நேராக உண்டாக்குகின்றன. இக்கூட்டுப் பாலிமரில்தான் உஷ்ண சாஸ்திரத்தின் அழகு முழுவதும் வெளிப்படுகிறது. தாய்ப் பாலிமரில், இருமுனைகளின் ஒழுங்கு குலையும் கியூரி வெப்பநிலை உருகுநிலைக்கும் மேலே இருப்பதாகக் கருதப்படுவதால், அதைக் காணுமுன்பே பொருள் உருகிவிடுகிறது. கூட்டுப் பாலிமரிலோ, கலவை விகிதத்தைப் பொறுத்து, அந்த மாற்றம் உருகுநிலைக்குக் கீழே இறங்கி வந்து கண்ணுக்குத் தெரிகிறது: பாதிக்குப் பாதி கலந்ததில் சுமார் 65 அல்லது 70 டிகிரியில், எழுபதுக்கு முப்பது கலந்ததில் சுமார் 100 டிகிரியில். மேலும், சூடேற்றும்போது ஓர் உஷ்ணத்தில் குலைந்த ஒழுங்கு, குளிர்விக்கும்போது அதே உஷ்ணத்தில் திரும்புவதில்லை. பல டிகிரிகள் கீழே இறங்கிய பின்னரே மீள்கிறது. ஆகவே ஒரு படலம் இந்த நிமிஷத்தில் எந்த உஷ்ணத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. எங்கிருந்து அங்கே வந்தது என்பதும் தெரிந்தாக வேண்டும். கோடை வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியின் முன்பலகை 70 டிகிரியைத் தொடக்கூடிய தேசங்களில், பாதிக்குப் பாதிக் கலவையால் செய்த உணர்கருவியை அங்கே பொருத்தச் சொல்பவர், இந்த ஒரு எண்ணைச் சிந்தித்தவராக இருக்க முடியாது.

பரீட்சை முறைகளின் விஷயத்துக்கு வருகிறேன். என் மனக்குறை முக்கியமாக இங்கேதான். ஒரு படலம் எவ்வகைப் படிகம் என்பதை நிர்ணயிக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி அவை சிதறும் கோணங்களைப் பார்ப்பது, அகச்சிவப்பு ஒளியில் எந்தெந்த அலைகள் உட்கொள்ளப்படுகின்றன என்று பார்ப்பது, டி.எஸ்.சி. எனப்படும் வெப்ப அளவியில் வைத்து எந்த உஷ்ணத்தில் எவ்வளவு வெப்பத்தை வாங்கி உருகுகிறது என்று பார்ப்பது. இவற்றில் எந்த ஒன்றும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்ல வல்லதன்று. ஆல்ஃபாவும் பீட்டாவும் ஏறத்தாழ ஒரே உஷ்ணத்தில் உருகுவதால், வெப்ப அளவி அவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. காமா சற்று உயர்ந்த உஷ்ணத்தில் உருகுவதால் அதை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். அகச்சிவப்பு ஒளியிலோ, 840 என்னும் அலையெண்ணில் தோன்றும் புகழ்பெற்ற வரி பீட்டாவுக்கும் காமாவுக்கும் பொதுவானது. அந்த ஒரு வரியை மட்டும் அளந்து, அதை முழுவதும் பீட்டாவின் கணக்கில் வரவு வைத்து, நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு என்று எழுதிவிடும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் குறைவல்ல. பீட்டாவுக்கு 1275 அளவிலும் காமாவுக்கு 1234 அளவிலும் தனித்தனி அடையாள வரிகள் இருக்கின்றன. அவற்றையும் பார்த்து, வெப்ப அளவியின் வளைகோட்டையும் எக்ஸ்-கதிர்ச் சான்றையும் அருகில் வைத்து ஒப்பிட்ட பின்னரே வகையை நிர்ணயிக்க முடியும். இத்துறையின் விமர்சனக் கட்டுரைகளே இக்குழப்பத்தைப் பல முறை சுட்டிக்காட்டிவிட்ட பிறகும் அது நீடிப்பது வருந்தத்தக்கது. நான் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை; கருவிகள் எல்லாருக்கும் எளிதில் கிட்டுவதில்லை என்பதும், இளம் ஆராய்ச்சியாளர்கள்மீது பிரசுர நெருக்கடி கடுமையாக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் தவறான எண் தவறான எண்தான்.

கலவைப் பொருள்களில் இவ்விவகாரம் மேலும் நுட்பமாகிறது. பாலிமருக்குள் களிமண் நுண்தகடுகளையோ, கார்பன் நுண்குழாய்களையோ, பேரியம் டைட்டனேட் போன்ற மட்பாண்ட வகைத் துகள்களையோ கலந்தால், அத்துகள்களின் மேற்பரப்பு படிகம் முளைப்பதற்கு இடமாகி, உருகிய பாலிமர் ஆறும்போது சற்று உயர்ந்த உஷ்ணத்திலேயே உறையத் தொடங்குகிறது. சில துகள்கள் ஆல்ஃபாவைத் தவிர்த்துப் பீட்டாவையோ காமாவையோ தூண்டவும் செய்கின்றன. உருகிய பாலிமரில் களிமண்ணைக் கலந்து இவ்விளைவை ஆராய்ந்தவர்களுள் புணேயின் தேசிய ரசாயன ஆய்வகத்தாரும் உண்டு. அவர்களுடைய முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கலப்பதால் நன்மை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு நல்ல பொருள்களைச் சேர்த்தால் இரண்டின் நன்மையும் கூடிவிடும் என்ற நம்பிக்கைதான் ஆபத்தானது. பேரியம் டைட்டனேட்டை ஒரு திசையில் முனைவாக்கினால் அதன் அழுத்த மின்விளைவுக் குணகம் நேர்க்குறி கொண்டது. நம் பாலிமருடையதோ எதிர்க்குறி கொண்டது. ஒரே மின்புலத்தில் இரண்டையும் ஒரே திசையில் முனைவாக்கினால், அழுத்தத்துக்கு அவை தரும் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று குறைக்கின்றன. ஆனால் உஷ்ண மாற்றத்துக்கு அவை தரும் மின்னூட்டங்கள் ஒரே குறி கொண்டவையாதலால் ஒன்றோடொன்று கூடுகின்றன. எதிரெதிர்த் திசைகளில் முனைவாக்கினால் பலன்கள் தலைகீழாகும். உஷ்ணத்தை உணரும் கருவி வேண்டுமா, அழுத்தத்தை உணரும் கருவி வேண்டுமா என்று முதலிலேயே முடிவுசெய்யாமல் கலக்கத் தொடங்குகிறவர், தாம் சேர்த்த பொருளாலேயே தம் பலனைக் குறைத்துக்கொள்ளக்கூடும்.

இன்னும் ஒரு தடை உண்டு. மட்பாண்ட வகைத் துகளின் மின்காப்பு மாறிலி ஆயிரத்தைத் தாண்டுவது; பாலிமருடையது பத்து, பன்னிரண்டு. அதனால், நாம் செலுத்தும் மின்புலத்தின் பெரும்பகுதி பாலிமர்மீதே விழுகிறது. துகளுக்குள் சென்று அதை முனைவாக்கும் பங்கு மிகச் சிறிது. அதுவன்றி, காரத்தன்மையுள்ள சேர்மானங்கள் உயர்ந்த உஷ்ணத்தில் இப்பாலிமரிலிருந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடைப் பிரித்தெடுத்துவிடக் கூடியவை. அந்த வாயு நச்சும் அரிப்புத்தன்மையும் ஒருங்கே கொண்டது. ஆகவே சேர்மானத்தின் பெயரையும் அளவையும் மட்டும் எழுதி, அது சேர்ந்த பிறகு கலவை எந்த உஷ்ணத்தில் சிதையத் தொடங்குகிறது என்பதை எழுதாமல் விடுவது, தொழிற்சாலையில் அதை உருக்கப்போகும் தொழிலாளியின் நலனையும் விட்டுவிடுவதாகும்.

இவ்வளவு குறை சொன்னவன் இப்பொருளை இகழ்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அதன்மீதுள்ள மதிப்பே என்னை எழுதத் தூண்டியது. நீருக்கும் உடலின் திசுக்களுக்கும் ஓரளவு ஒத்த ஒலித்தடை உடையதாதலால், மருத்துவமனைகளில் பயன்படும் மீயொலிக் கருவிகளின் வீச்சை அளந்து சரிபார்க்கும் நீரொலி உணர்கருவிகளுக்கு இப்படலமே ஆதாரமாக விளங்குகிறது. 1986இல் ஹாலி வால்நட்சத்திரத்தை நெருங்கிய வேகா விண்கலங்களிலும், 2006இல் புறப்பட்டு 2015 ஜூலையில் புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்திலும், விண்வெளித் தூசியை எண்ணும் கருவியாக முனைவாக்கப்பட்ட இப்படலம் பொருத்தப்பட்டது. தூசித் துகள் ஒன்று அதைத் துளைக்கும் கணத்தில், அவ்விடத்தின் முனைவாக்கம் அழிந்து ஒரு மின்துடிப்பு எழுகிறது. அந்தத் துடிப்பை எண்ணினாலே போதும். நியூ ஹொரைசன்ஸில் உள்ள அந்தக் கருவியை அமைத்தவர்கள் கொலராடோ பல்கலைக்கழகத்து மாணவர்கள் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. 2008இல், கூட்டுப் பாலிமரின் கியூரி மாற்றத்துக்கு அருகில், மின்புலத்தை ஏற்றி இறக்குவதால் மட்டுமே சுமார் 12 டிகிரி உஷ்ண மாறுதலை உண்டாக்க இயலும் என்பது வெளிவந்தது. வாயுக்களை அழுத்தாமல் குளிர்விக்கும் இயந்திரங்களுக்கு இது ஒரு திறவுகோலாகலாம். இந்த வெற்றிகள் யாவும், எந்தப் படிகம், எந்த உஷ்ணம் என்பதைத் துல்லியமாக அறிந்தவர்கள் பெற்றவை.

நடந்தால் மின்சாரம் என்பதன் கணக்கையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் காலணியின் அடித்தட்டில் இப்படலத்தைப் பல அடுக்காக வைத்து, இயல்பான நடையில் அளந்து, 2001இல் வெளியிட்ட அளவு சராசரியாக 1.3 மில்லிவாட். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் மிக எளிய கருவி தருவதே 5 வாட். அதாவது ஏறக்குறைய நாலாயிரம் மடங்கு. உயர்ந்த வோல்ட் எண்ணைக் கண்டு வியக்கும் வாசகர், அதோடு எவ்வளவு மின்னோட்டம் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்றும் கேட்க வேண்டும். உணர்வதற்கு இது உத்தமமான பொருள்; வீட்டு விளக்கை எரிப்பதற்கு உகந்ததன்று.

ஃப்ளோரின் பற்றியும் இங்கே பேசாமல் இருக்க முடியாது. கார்பனுக்கும் ஃப்ளோரினுக்கும் உள்ள பிணைப்பின் வலிமையே இப்பொருளுக்கு நீண்ட ஆயுளைத் தருவது. மண்ணிலும் நீரிலும் சிதையாமல் அது தங்கிவிடுவதற்கும் அதுவே காரணம். அழியா ரசாயனங்கள் என்று பேசப்படும் ஃப்ளோரோகார்பன் சேர்மங்களுக்குப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2021இல் வகுத்த வரையறையில் இப்பாலிமரும் அடங்குகிறது. ஐரோப்பாவில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகள் 2023இல் முன்வைத்த கட்டுப்பாட்டு முன்மொழிவிலும் இது உள்ளடங்கியது. நீண்ட பாலிமர்ச் சங்கிலியும், இரத்தத்தில் கலந்து தங்கும் குறுகிய ஃப்ளோரின் அமிலங்களும் ஒன்றே என்று சொல்வது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது. ஆனால் அதைச் சாக்காக வைத்து, உற்பத்தியிலும் எரித்தலிலும் வெளிவருவனவற்றை யாரும் கேட்கக்கூடாது என்று வாதிப்பதும் நேர்மையன்று. மாற்று இல்லாத இடங்களில் சிறு அளவில், திரும்பப் பெறும் ஏற்பாட்டோடு பயன்படுத்தலாம். நடைபாதை முழுவதும் விரித்து மிதிபட்டுத் தேய்ந்து தூளாகிச் சாக்கடையில் சேரும்படி பயன்படுத்தலாகாது. எத்தனை கிராம் பொருளைக் கொண்டு எவ்வளவு பிரயோஜனம் என்று கணக்கிட வேண்டுமானாலும், அது எவ்வகைப் படிகம், எவ்வளவு காலம், எவ்வளவு உஷ்ணம் தாங்கும் என்பதை அறிந்தால்தான் கணக்கே தொடங்கும்.

ஆகவே, ஆராய்ச்சி ஏடுகளைப் பரிசீலிப்போரையும், பல்கலைக்கழகங்களில் நிதி வழங்குவோரையும், இச்செய்திகளை வெளியிடும் பத்திரிகை நண்பர்களையும் நான் பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான்: ஃப்ளோரின் பாலிமர்ப் படலம் ஒன்று மின்சாரம் தருகிறது என்று எவர் வந்து சொன்னாலும், எக்ஸ்-கதிர், அகச்சிவப்பு, வெப்ப அளவி ஆகிய மூன்று சான்றுகளையும் ஒருங்கே காட்டச் சொல்லுங்கள், படலம் எந்த உஷ்ணத்தில் உருவாயிற்று, எந்த உஷ்ணத்தில் எத்தனை நாள் வைத்துப் பார்க்கப்பட்டது, அதன்பின் எஞ்சிய மின்னுணர்வு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். அவை இல்லாத கட்டுரையைத் திருத்தி வரும்படி திருப்பி அனுப்புங்கள்.